வீட்டு ரேட்டிங் பத்தி நீ கேட்டதுக்கு

டேய் மச்சி,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் சொட்டு மருந்தெல்லாம் நின்னிருக்கு, நல்லா இருக்காங்க, உன்னைய ரொம்ப விசாரிச்சாங்க. சின்னவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீடே வெறிச்சுனு கிடக்கு.

சரி, இருக்குற வீட்ட வித்துட்டு வேற வாங்கப் போறேன், இந்த எனர்ஜி ரேட்டிங், அதான் வீடு எவ்ளோ எனர்ஜி இழுக்கும்னு வந்து பாத்து மார்க் போட்டுக் குடுக்குற சர்டிபிகேட், அத எடுக்குறது தண்டச் செலவான்னு கேட்டிருந்தல்ல. தண்டம் இல்லடா, கண்டிப்பா எடு. ஏன் சொல்றேன்னா நான் பட்டவன்.

நாங்க இந்த வீட்ட வாங்குறப்ப என்னத்தப் பாத்தோம், தரை பளபளன்னு இருந்துச்சு, புது பெயிண்ட், கிச்சன் பூரா புதுசு, அதுவும் காலைல ஒன்பது மணிக்குப் போய் பாத்தோமா, ஜிலுஜிலுன்னு இருந்துச்சு, உடனே அட்வான்ஸ் குடுத்துட்டோம். குடி வந்து முதல் வெயில் காலம், மாடி ரூம்ல தூக்கம் வராம ராத்திரி பதினோரு மணிக்கு கட்டில் மேல ஏறி நின்னு சீலிங்க தொட்டுப் பாத்தேன், அப்பதான் இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி கதகதன்னு இருக்கு. பகல் பூரா வாங்குன வெயில கான்கிரீட் ராத்திரி பூரா உள்ள இறக்கிட்டு இருக்கு, ஏசி ஓடி ஓடி மீட்டர்தான் ஏறுது. மேல இன்சுலேஷன்னு, அதான் சூடு உள்ள இறங்காம தடுக்குற அடுக்கு, ஒண்ணுமே கிடையாது. யாரும் மறைக்கல, நாங்களும் கேக்கல.

இப்ப உன் வீட்ட எடுத்துக்கோ. நீ கூரைக்கு இன்சுலேஷன் போட்ட, ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி மாத்துன, எவ்ளோ செலவு பண்ணன்னு எனக்குத் தெரியும். வாங்க வர்றவனுக்கு அது எப்படிடா தெரியும்? அவன் கண்ணுக்கு பெயிண்ட் மட்டும் அடிச்ச பக்கத்து வீடும் உன் வீடும் ஒண்ணுதான், பேப்பர்ல இருந்தாதான் அத வச்சு நீ விலை பேச முடியும். ஆஸ்திரேலியால கான்பெரா பக்கம் 1999-லயே வீடு விக்கிறவங்க ரேட்டிங்க வெளிய சொல்லியே ஆகணும்னு சட்டம் போட்டுட்டாங்க, அந்த ஊர் விற்பனைக் கணக்க வச்சு 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ரேட்டிங்ல அதிக ஸ்டார் வாங்குன வீடு அதிக விலைக்குப் போயிருக்குன்னு. அதுக்குன்னு மனக்கோட்டை கட்டிடாத, வீடு எந்த இடத்துல இருக்குங்குறதுதான் எப்பவும் விலைய முடிவு பண்ணும், ரேட்டிங் அதுக்கு மேல கொஞ்சம் சேக்கும்.

நீ வீடு வாங்குறப்ப, ரேட்டிங்னு குடுக்குற ஒரு எழுத்தயோ நம்பரயோ மட்டும் நம்பி ஏமாந்துடாத. பிரிட்டன்ல ஏ-லேர்ந்து ஜி வரைக்கும் குடுக்குறாங்க, 92 மார்க்கும் அதுக்கு மேலயும் வந்தா ஏ. ஆனா பழைய வீட்டுல சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியலன்னா, வீடு கட்டுன காலத்த வச்சு இப்படித்தான் இருக்கும்னு அனுமானமா போட்டுடுவாங்க. சர்டிபிகேட்டும் 10 வருஷம் செல்லும், அதுக்குள்ள வீட்டுல எது வேணா மாறியிருக்கலாம். அமெரிக்கால ஹெர்ஸ்னு (HERS) ஒரு ரேட்டிங் முறை, அது தலைகீழ், நம்பர் குறையக் குறைய நல்லது, 2006 கட்டட எனர்ஜி விதிப்படி கட்டுன வீட்ட 100-னு வச்சுக்கிட்டு 70 வந்தா அதவிட 30 சதவீதம் கம்மியா எனர்ஜி எடுக்கும்னு அர்த்தம். அதனால எந்த ஸ்கேல்னு முதல்ல கேளு.

இன்னொண்ணு, ரேட்டிங் போடுறது வீட்டுக்குத்தான், அதுல இருக்கப்போற ஆளுக்கு இல்ல. எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி ஆளுங்க ஒரே மாதிரி புழங்குறதா வச்சுதான் கணக்கு. நல்ல ரேட்டிங் வீட்டுலயும் நாலு ரூம்லயும் ஏசி ஓடுனா பில் எகிறத்தான் செய்யும். ரெண்டு வீட்ட ஒப்பிட்டுப் பாக்க அது சரியான அளவுகோல், உன் மாசச் செலவு அதுல கிடைக்காது. அதுக்கு பழைய பில் பன்னிரண்டு மாசத்துக்கு கேளு, எத்தன பேர் இருந்தாங்கன்னும் கேளு.

முழு ரிப்போர்ட்டயும் வாங்கிப் படி, எத நேர்ல பாத்தாங்க, எத அனுமானம் பண்ணாங்க, என்ன வேலை பாக்கச் சொல்லியிருக்காங்கன்னு அதுலதான் இருக்கும், அந்த வேலைக்கு ஆகுற செலவச் சொல்லியே நீ விலையக் குறைச்சுக் கேக்கலாம். ஆனா அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே வாங்கிடு, ரிஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு ஃபைலோட குடுத்தா அத வச்சு என்னடா பண்ணுவ.

வீடு பாக்க சாயங்காலம் போ, மாடி ரூம் சீலிங்க தொட்டுப் பாரு. காத்தடிக்கிற நாள்ல ஜன்னல எல்லாம் சாத்திட்டு ஃபிரேம் ஓரத்துல ஒரு ஊதுபத்திய காட்டு, புகை நேரா போகாம ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா அங்க காத்து ஒழுகுது. முறையா பாக்குறவங்க வாசல்ல ஒரு பெரிய ஃபேன மாட்டி 50 பாஸ்கல் அழுத்தத்துல எவ்ளோ காத்து ஒழுகுதுன்னு டெஸ்ட் பண்ணுவாங்க, அந்த ரிசல்ட் இருந்தா அதையும் கேளு.

உன் வீட்டு ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, விளம்பரம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ போன்ல உக்காந்து பாத்துடலாம். இன்சுலேஷன் போட்டப்ப எடுத்த போட்டோ, பில்லு எல்லாம் எங்க வச்சிருக்கன்னு இப்பவே தேடி எடு, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவர்கிட்ட அதக் காட்டலன்னா அவரு உன் கூரையயும் அனுமானமா போட்டுட்டுப் போயிடுவாரு.

வீட்டுல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு.