மூன்று தட்டு

விமான உடற்பகுதிப் பராமரிப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

தகடுகளை இணைக்கிற உலோக ஆணியான ரிவெட்டை அடிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் ரிவெட்டைத் தலைப்பக்கம் அடிக்கிற கன் பிடிப்பார். தகட்டின் மறுபக்கம் இன்னொருவர், ரிவெட்டின் முனையை நசுக்குகிற இரும்புக் கட்டையான பக்கிங் பாரை அழுத்திக்கொண்டு நிற்பார். சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் பார் பிடிப்பவர் தகட்டைத் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, எடுத்துவிடு. முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி முடியும்வரை நாங்கள் மூன்று தட்டியதே அபூர்வம்.

காரணம் எளிது. எங்கள் பட்டறையில் கூடுதல் தகடு கேட்டால் மதிப்பெண் போகும். ஒருநாள் என் ட்ரில் லேசாகச் சாய்ந்து துளை முட்டை வடிவமாகிவிட்டது. அடுத்த அளவு ரிவெட்டுக்குத் துளையைப் பெரிதாக்கலாம் என்றால் விளிம்பு இடிக்கிறது. துளையின் மையம் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டுமே. பேசாமல் பழைய அளவையே செருகி ஓங்கி அடித்தேன். வெளித்தலை அழகாக உட்கார்ந்தது. உள்ளே, பார் பக்கம் நசுங்கி உருவாகிற தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. பார் பிடித்த நண்பன் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் இரண்டு தட்டினான். எனக்கு நல்ல மதிப்பெண்.

1978இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று தரையிறங்கும்போது வால் உரசியது. பின்புற அழுத்தத் தடுப்பை, அதாவது பயணிகள் அறையின் காற்றழுத்தத்தை வால் பக்கம் தாங்குகிற சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே துண்டாக இருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமை ஒரு வரிசைமேல் விழுந்தது. அப்படியே 7 ஆண்டுகள் பறந்த விமானம் 1985 ஆகஸ்ட் 12 அன்று விழுந்தது. 520 பேர் இறந்தார்கள். அங்கே யாரும் எதையும் மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வேலை இது என்பதற்காகச் சொல்கிறேன்.

அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடாதே, கிராஃபைட் பட்டால் அரிக்கும் என்று எங்களிடம் நூறு முறை சொன்னார்கள். நல்லதுதான். கெடுத்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் யாரும் பழக்கவில்லை.

தயவுசெய்து தகட்டுக்காக மதிப்பெண் வெட்டாதீர்கள். செலவு என்பீர்கள், கழித்த துண்டுகளிலேயே எத்தனையோ ரிவெட் அடிக்கலாம். கெட்ட ரிவெட்டை எடுப்பதைத் தனித் தேர்வாக வையுங்கள். தலையின் நடுவில் புள்ளி குத்தி, தலையின் உயரத்துக்கு மட்டும் துளைத்து, தலையைத் தட்டிவிட்டு, பின்பக்கம் தாங்கிக்கொண்டு தண்டைத் தள்ள வேண்டும். துளை ஒரு இழைகூடப் பெரிதாகக் கூடாது. அடிப்பதைவிட இதற்குத்தான் கை பழக வேண்டும்.

அப்புறம், தேர்வுத் தாளில் ஒரு கட்டம் சேருங்கள்: எத்தனை ரிவெட்டை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாய்? பூஜ்யம் என்று எழுதுகிற மாணவரின் தகட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்துப்போன ஒரு டெக்னீஷியன்