ஜெனெட் ராங்கின் அம்மையாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜெனெட் ராங்கின் அம்மையாருக்கு,

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் என்று உங்களை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதல் ஆளாகப் போய் நிற்பவர் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று அந்த வரியில் தெரிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1916இல் மொன்டானா மக்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தபோது, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு வாக்குரிமையே கிடையாது. மொன்டானாவுக்கே அது 1914இல்தான் வந்தது. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் நீங்கள்.

1917 ஏப்ரல் 2 அன்று பதவியேற்றீர்கள். அன்று இரவே அதிபர் வில்சன் அவைக்கு வந்து, ஜெர்மனி மீது போர் அறிவிக்கச் சொல்லிக் கேட்டார். ஏப்ரல் 6 விடியும் முன்பே வாக்கெடுப்பு. முதல்முறை உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறை எழுந்து, என் நாட்டின் பக்கம் நிற்கத்தான் விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது என்றீர்கள்.

எதிர்த்து வாக்களித்தவர்கள் மொத்தம் 50 பேர். உங்களைத் தவிர 49 பேரும் ஆண்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். அந்த 49 பேரின் வாக்கு அவரவர் கொள்கையாகப் பார்க்கப்பட்டது. உங்கள் வாக்கு மட்டும் பெண்கள் அரசியலுக்கு லாயக்கில்லை என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. நீங்கள் அழுதுகொண்டே வாக்களித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. போருக்கு ஆதரவாக வாக்களித்த சக உறுப்பினர் லா கார்டியாவிடம் இதைக் கேட்டபோது, தன் கண்களிலேயே நீர் நிறைந்திருந்ததால் உங்களைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றாராம். அவருடைய கண்ணீர் யாருக்கும் தலைப்புச் செய்தியாகத் தெரியவில்லை. வாக்குரிமை இயக்கத் தலைவர் கேரி சாப்மன் கேட்டுக்கும் உங்கள் மேல் கோபம். உங்களால் இயக்கமே பின்னடையும் என்று அவர் அஞ்சினார். சொந்த இயக்கத்தாரே கைவிட்டதுதான் உங்களுக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நீங்கள் ஒதுங்கிவிடவில்லை. அந்த ஜூன் மாதம் மொன்டானாவின் பியூட் நகரில் ஸ்பெகுலேட்டர் தாமிரச் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. நீங்கள் பியூட்டுக்கே போய்த் தொழிலாளர் பக்கம் நின்று பேசினீர்கள். சுரங்கங்களை அரசே எடுத்து நடத்த வழிசெய்யும் தீர்மானத்தையும் கொண்டுவந்தீர்கள். மொன்டானாவின் அரசியலையும் பத்திரிகைகளையும் கையில் வைத்திருந்த அனகோண்டா என்ற சுரங்கக் கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? அதுவரை மாநிலம் முழுக்க ஒரே தொகுதியாக இருந்ததை இரண்டாகப் பிரித்தார்கள். எதிர்க்கட்சி பலமாக இருந்த பாதி உங்களுக்கு வந்து சேர்ந்தது. சரி என்று 1918இல் மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டீர்கள், தோற்றீர்கள்.

தோற்பதற்கு முன்பு ஒரு காரியத்தை முடித்துவிட்டீர்கள். 1918 ஜனவரி 10 அன்று, நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டத்திருத்தத்தின் மீது விவாதத்தைத் தொடங்கிவைத்துப் பேசினீர்கள். 274க்கு 136 என்று உங்கள் அவையில் அது நிறைவேறியது. செனட்டில் தடைபட்டு, 1920இல்தான் அமலுக்கு வந்தது. அப்போது நீங்கள் பதவியில் இல்லை. உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1917இலும் 1941இலும் நீங்கள் அளித்த இரண்டு போர் வாக்குகளை மட்டும் சொல்லிவிட்டு, இந்த நாளை விட்டுவிடுவது எனக்குப் பெரிய குறை.

அப்புறம் 1940இல் மொன்டானா உங்களை மறுபடி அனுப்பியது. 1941 டிசம்பர் 8, பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதற்கு மறுநாள், ஜப்பான் மீது போர் அறிவிக்க வாக்கெடுப்பு. நீங்கள் பேச எழுந்தபோதெல்லாம் சபாநாயகர் ரேபர்ன் அனுமதிக்கவில்லை. வாக்கு 388க்கு 1. அந்த ஒன்று உங்களுடையது. வெளியே கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டீர்கள். போலீஸ் வந்துதான் உங்களை அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டது.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் அன்று அந்த அவையில் இருந்திருந்தால் போருக்கு ஆதரவாகவே வாக்களித்திருப்பேன். ஹிட்லரையும் அவன் கூட்டாளிகளையும் வேறு எப்படி நிறுத்தியிருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த நாளில் ஒன்று மாறியிருந்தது. மார்கரெட் சேஸ் ஸ்மித் உட்பட வேறு பெண் உறுப்பினர்களும் அப்போது அவையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்களோடு சேரவில்லை. பெண்கள் என்றாலே இப்படித்தான் என்று அந்த முறை யாராலும் சொல்ல முடியவில்லை. திட்டினார்கள், வெறுத்தார்கள், ஆனால் அது ஜெனெட் ராங்கினின் வாக்கு என்றுதான் திட்டினார்கள். 1917இல் அந்த 49 ஆண்களுக்குத் தானாகக் கிடைத்த அந்த உரிமை, உங்களுக்குக் கிடைக்க 24 வருடம் ஆனது.

அதற்குப் பிறகு நீங்கள் தேர்தலில் நிற்கவில்லை. காந்தியின் வழியைக் கற்க 1946 முதல் பலமுறை இந்தியாவுக்கு வந்தீர்கள். 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களோடு வாஷிங்டனில் ஊர்வலம் போனீர்கள். பின்னாளில் மூன்றாவது முறையாக நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாமா என்றும் யோசித்தீர்கள், உடம்பு ஒத்துழைக்கவில்லை. நின்றிருந்தால், 1916இலும் 1940இலும் உங்களை நம்பிய மொன்டானா இன்னொரு முறையும் நம்பியிருக்கும் என்பது என் ஆசை.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் வாசகி