டெயில் லிப்ட் பராமரிப்பில் நடந்த அலட்சியம் தொடர்பான முறைப்பாடு

சேவைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் கடை லொறியின் பின்பக்கத்தில் பூட்டியிருக்கும் ஹைட்ரோலிக் டெயில் லிப்ட்டை (சாமான் ஏற்றி இறக்கும் தட்டை) வழமையான பராமரிப்புக்காகக் கடந்த மாதம் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் விட்டோம். எல்லாக் கட்டத்திலும் ‘சரி’ என்று அடையாளமிட்ட பரிசோதனைத் தாளோடு, மதியத்துக்கு முன்னரே வாகனத்தைத் திருப்பித் தந்தீர்கள். கேட்ட பணத்தை முழுதாகக் கட்டினோம்.

அடுத்த கிழமை சுன்னாகத்தில் ஒரு வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி இறக்கும்போது, பாதி உயரத்தில் நிறுத்தியிருந்த தட்டு தானாகவே கீழிறங்கத் தொடங்கிவிட்டது. பெட்டி சரிந்து கதவு நசுங்கியது. அது காசோடு போகிற நட்டம். கீழே நின்ற பெடியன் நல்லவேளையாகக் காலை இழுத்துக்கொண்டான். அவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தோம். தாங்கியில் இருந்த ஓயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதாவது உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. உங்கள் தாளிலோ ‘ஓயில் மாற்றப்பட்டது’ என்று இருக்கிறது. மாற்றியது உண்மையென்றால், தண்ணீர் புகும் வழியை ஏன் பார்க்கவில்லை? தட்டை இறக்க ஓயிலைத் தாங்கிக்குத் திருப்பி விடும் வால்வில் அழுக்குச் சிக்கி, அது முழுதாக மூடவில்லை. தட்டு இறங்கியதற்குக் காரணம் அதுதான். சுமையை ஏற்றி, பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, நிலத்திலிருந்து தட்டின் உயரத்தை அளந்திருந்தால் இந்தக் குறை உங்கள் பட்டறையிலேயே தெரிந்திருக்கும்.

கீல் பின்களில் கிறீஸ் இல்லை, காய்ந்த புழுதிதான். பற்றரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறது, ஏர்த் வயர் தளர்ந்திருக்கிறது. குருநகர், காரைநகர் என்று உப்புக்காற்றில் ஓடுகிற லொறி இது. இங்கே முதலில் பார்க்க வேண்டியதே அந்த முனைகளைத்தான். மின்னழுத்தம் குறைந்தால் லிப்ட்டின் பம்பை ஓட்டும் மோட்டர் கூடுதலாக மின்சாரம் இழுத்துச் சூடாகும், அதற்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்சும் கருகும். ‘பற்றரி சரி’ என்றால் எத்தனை வோல்ட்? முழுதாகச் சார்ஜ் ஏறிய 24 வோல்ட் தொகுதி, ஓய்வில் 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். தாளில் ஒரு இலக்கம்கூட இல்லை.

ஆகவே, கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். பெட்டிக்கான நட்டத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வால்வைத் திருத்தி, ஓயிலை மாற்றி, சுமை ஏற்றிய சோதனையை எங்கள் சாரதியின் முன்னிலையில் செய்யுங்கள். வோல்ட் அளவு, தட்டு இறங்கிய அளவு எல்லாம் எழுதிய புதிய தாள் எனக்கு வேண்டும். முக்கியமாக, அதே காலத்தில் உங்களிடம் பராமரிப்புக்கு வந்த மற்ற லொறிக்காரரையும் உடனே கூப்பிட்டுப் பாருங்கள். அவர்களுடைய தட்டுக்குக் கீழும் ஆட்கள் நிற்கிறார்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். உங்கள் பரிசோதனைத் தாளின் பிரதி, பற்றுச்சீட்டு, படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
லொறி உரிமையாளர்,
கொக்குவில்.