கோட்டைக்குப் போகிறோம், வீட்டிலிருந்து ஒரு கதை கொடுத்தனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வருகிற சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர் கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். போன கூட்டத்தில் ஒரு அப்பா, "டவுனுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ல இருந்து பார்க்குறதுதானே மேடம், அதுக்கு எதுக்கு ஒரு நாள்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

பஸ்ஸில் இருந்து தெரிவது அகழியும் மதிலும்தான். உள்ளே 133 ஏக்கர் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர்கள் கட்டிய கோட்டை, அதற்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு மசூதி, 1846-ல் கட்டிய தேவாலயம், அப்புறம் திப்புவின் குடும்பத்தைச் சிறை வைத்திருந்த மகால்கள். இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் வெள்ளைக்காரர்கள் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள், 1832-ல் இறக்கும்வரை அவர் வேலூர்க் கைதிதான். பாலாற்றங்கரையில் இருக்கிற முத்து மண்டபம் அவருடைய சமாதி. அந்த வழியாகப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1806 ஜூலை 10-ல் இந்தக் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு மார்க்குக்கு எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் நின்று சொன்னால் அது வேறு மாதிரி இறங்குகிறது. தாடி எடு, நெற்றியில் எதுவும் இடாதே, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று சிப்பாய்களுக்கு உத்தரவு வருகிறது. இந்துவாக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் அது மானப் பிரச்சினை. முதல் நாள்தான் உள்ளே திப்புவின் மகளுக்குக் கல்யாணம், விடிவதற்கு முன்னால் கோட்டை சிப்பாய்கள் கையில், மேலே திப்புவின் கொடி. ஆற்காட்டில் இருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஓடிவருகிறார், மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்துக் கிடக்கிறார்கள். பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், சென்னை கவர்னர் பெண்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வடக்கே நடந்த 1857 பெருங்கலகத்துக்கு 51 வருஷம் முன்னால் நடந்தது இது. மக்கான் சந்திப்பில் நாம் சுற்றிக்கொண்டு போகிற தூண் இதற்காக வைத்த நினைவுத் தூண்தான்.

இந்த முறை ஆசிரியர்கள் பேசப் போவதில்லை, பிள்ளைகள்தான் பேசுவார்கள். நான்கு பேர் ஒரு குழு, ஒரு குழுவுக்கு ஓர் இடம். அங்கே நின்று மற்ற பிள்ளைகளுக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க வந்திருக்கிற யாருக்கும் அவர்கள் கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1916-ல் தொடங்கிய அவர்களுடைய தேசியப் பூங்காத் துறை காடுகளோடு போர்க்களங்கள், தலைவர்கள் வாழ்ந்த வீடுகள் எல்லாவற்றையும் சேர்த்தே பராமரிக்கிறது. அங்கே வருகிற பிள்ளைகள் ஒரு சின்னப் பயிற்சிப் புத்தகத்தை முடித்து, இந்த இடத்தைக் காப்பேன் என்று உறுதி சொன்னால் இளம் ரேஞ்சர் பேட்ஜ் குத்திவிடுகிறார்கள். நல்ல வழக்கம் என்று தோன்றியது. நம் ஓவிய ஆசிரியர் சார்ட் அட்டையில் கோட்டை மதில் வரைந்து பேட்ஜ் செய்து வைத்திருக்கிறார், கதை சொல்கிற பிள்ளைக்கு அது உண்டு.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில் விரிஞ்சிபுரம் போனோம். மதிலழகு என்று பேர் வாங்கிய ஊர், ஆனால் பிள்ளைகள் நின்றது மதிலைப் பார்த்து இல்லை, மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிற மணி காட்டும் கல்லிடம். அரை வட்டமாக எண் வெட்டிய கல், நடுவில் உள்ள பள்ளத்தில் குச்சி வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. ஒரு பெண் துடைப்பத்தில் இருந்து ஈர்க்குச்சி உருவிக்கொண்டு வந்து வைத்தாள், இருபது தலைகள் கல்மேல் குனிந்ததில் நிழலே மறைந்துபோய், எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பார்த்தால் கைக்கடிகாரத்தைவிடக் கிட்டத்தட்ட கால் மணி பின்னால் காட்டுகிறது. "கல்லு ஸ்லோவா ஓடுது மிஸ்" என்றான் ஒருவன். கல் சரிதான், நம் கடிகாரம்தான் உத்தரப்பிரதேசத்துப் பக்கம் போகிற 82.5 டிகிரி கோட்டின் நேரத்தில் ஓடுகிறது, வேலூர் 79 டிகிரியில் இருக்கிறது, ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம் என்று கணக்கு ஆசிரியர் அங்கேயே தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். புவியியல் வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லிப் புரியாத தீர்க்கரேகை அன்று பத்து நிமிஷத்தில் புரிந்தது.

இனி சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் பேசுங்கள். முன்பு ஒரு தடவை கோட்டைக்குப் போனபோது நம் மாணவன் ஒருவன் காம்பஸ் முனையால் மதில் கல்லில் பேரைக் கீறிவிட்டான். கூப்பிட்டுக் கேட்டேன். "ஏற்கெனவே நிறைய பேர் எழுதியிருக்காங்க மிஸ்" என்றான். அவன் சொன்னது உண்மை, அந்த இடம் முழுக்கப் பேர்தான், இதயம்தான், அம்புக்குறிதான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, பெரியவர்கள் நாம் செய்ததைத்தானே செய்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 1958-ஆம் வருஷச் சட்டத்தில், 2010-ல் திருத்தியபிறகு, இருக்கிறது. அதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சுண்ணாம்பு போனால் பூசலாம், கருங்கல்லில் விழுந்த கீறலை எடுக்க முடியாது.

இழந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் தூரம் போக வேண்டாம். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தது, ஆனால் வரலாறு அப்படிப் பிரியவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் மகேந்திரவாடியில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரே பாறையைக் குடைந்த கோயில் நன்றாக நிற்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் ஆர்மாமலைக் குகையில் சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய சமண ஓவியங்கள், சித்தன்னவாசலோடு வைத்துப் பேச வேண்டியவை, பெரும்பகுதி அழிந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக நிறம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். காலை எட்டரைக்குப் பள்ளியில் இருந்து கிளம்பி மூன்றரைக்குள் திரும்பிவிடுவோம், பஸ் செலவு பள்ளியுடையது. தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸில் சாப்பாடும் போதும், பாலித்தீன் பை, சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். வெயில் இருக்கும், தொப்பியோ துண்டோ கொடுங்கள். காம்பஸ் பாக்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, அதில் அந்தக் கோயில் நம் கோட்டைக் கோயில்தான். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைக்கும்வரை அங்கே பூஜை கிடையாது. வெறும் மண்டபமாக இருந்த நாளில் அதைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அந்தக் கல்யாண மண்டபத்தில் ஓடி விளையாடியவர்கள், அகழியில் மீன் பார்த்தவர்கள், 81-ல் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றவர்கள், யாராக இருந்தாலும் சரி. இரண்டு வரியாக இருந்தாலும் பிள்ளையிடம் சொல்லி நோட்டில் எழுதி அனுப்புங்கள். நேரில் சொல்ல முடிந்த தாத்தா பாட்டிகள் புதன்கிழமை மூன்றாவது பீரியடுக்குப் பள்ளிக்கு வரலாம். மாடிப்படி ஏற வேண்டாம், வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்