சித்தப்பா, அந்த 4294967297 வகுபடும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாம்பன்லருந்து வந்து ஒரு வாரமாச்சு, இன்னும் அந்த ஐஸ் பெட்டி மூடிதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. மீன்புடி தடைக்காலம், படகு கட்டிக் கெடக்கு, வலையும் பொத்தி முடிச்சாச்சுன்னு நான் சும்மா சொன்ன 4294967297ங்கற நம்பர, எதாலயாச்சும் மீதியில்லாம வகுபடுதான்னு பாக்கப் புடிச்சுக்கிட்டு மூடி பூரா சாக்பீஸ்ல வகுத்துத் தள்ளிட்டீங்க. (தடைக்காலம் 61 நாள், அந்த 61ம் பகா எண்தான், ஒண்ணயும் தன்னயும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது, அப்பவே சொல்ல மறந்துட்டேன்.)

மொதல்ல நம்பர் எங்கருந்து வந்துச்சுன்னு திரும்பச் சொல்லிர்றேன். 2ல ஆரம்பிச்சு அதயே அதால பெருக்கிக்கிட்டே போகணும், 2, 4, 16, 256, 65536, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கூட்டுனா 3, 5, 17, 257, 65537, அஞ்சுமே பகா எண். 1640ல பிரான்ஸ்ல ஃபெர்மான்னு ஒருத்தர், தொழில் வக்கீல், ஆனா கணக்குல புலி, இப்படி வர்றது எல்லாமே பகா எண்ணாத்தான் இருக்கும்னு நம்பிட்டாரு. அஞ்சு நாள் தொடர்ந்து மீன்பாடு நல்லாருந்தா ஆறாவது நாளும் டீசலப் போட்டுட்டுக் கெளம்புவீங்கள்ல, அந்தக் கததான். ஆறாவது நம்பர்தான் இந்த 4294967297, பத்து டிஜிட்டு, பாக்க ஃபோன் நம்பர் மாதிரியே இருக்கும்.

நீங்க 3 போட்டீங்க, மீதி 2. 5 போட்டீங்க, மீதி 2. 7க்கு 5 வந்துச்சு, 17க்கு மறுபடி 2. "எப்பப் பாரு இந்த ரெண்டு"ன்னு மூடியத் தட்டுனீங்களே, அது சும்மா வரல சித்தப்பா. மேல சொன்ன 3, 5, 17, 257, 65537 அஞ்சயும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கிப் பாருங்க, 4294967295 வரும், நம்ம நம்பருக்குச் சரியா ரெண்டு கம்மி. அப்ப அஞ்சுல எதப் போட்டாலும் ரெண்டு மிஞ்சித்தானே ஆகும்! எனக்கு இந்த நம்பர்ல ரொம்பப் புடிச்சதே இதுதான், வகுபடுறது கூட அப்புறந்தான்.

37 வரைக்கும் போயிட்டு "இது வகுபடாதுப்பா"ன்னு சாக்பீஸ வீசிட்டீங்க. தப்பில்ல, ஃபெர்மாவே வகுபடாதுன்னுதான நம்புனாரு. 1732ல ஆய்லர்னு ஒருத்தர், அப்ப வயசு 25தான், கண்ணுல பட்டத எல்லாம் போட்டுப் பாக்கல. இத வகுக்குற பகா எண் எதுவா இருந்தாலும் அத 64ஆல வகுத்தா மீதி 1தான் வரணும்னு புடிச்சாரு. நம்ம வழியில போனா மொத்தம் 115 பகா எண்ணத் தாண்டணும், அவரு வழியில 193, 257, 449, 577, அவ்வளவுதான், அடுத்ததுல மாட்டிக்கிச்சு. 257க்கு ரெண்டு மிஞ்சும்னு நமக்கு ஏற்கனவே தெரியும், அதயும் கழிச்சுக்கலாம். ஜிபிஎஸ் பாயிண்ட்டு தெரிஞ்சு வலை விடுறதுக்கும் வடகடல் பூரா தடவுறதுக்கும் உள்ள வித்தியாசம் நான் உங்களுக்குச் சொல்லணுமா.

அதுக்கு மேல இதே வரிசையில இன்னும் பெரிய நம்பர்லாம் கம்ப்யூட்டர் வச்சுப் பாத்துட்டாங்க, ஆறாவதா ஒரு பகா எண் இன்னைக்கு வரைக்கும் சிக்கல.

சித்தி மூடியக் கழுவிருந்தா நல்லதாப் போச்சு, எடம் கெடைக்கும். 641ஆல வகுங்க. ஈவு 6700417 வரணும். மீதி ஏதாச்சும் வந்தா எங்கயோ கடன் வாங்குறதுல விட்டுருப்பீங்க, எனக்கு ஃபோன் போடாம இன்னொருக்கா போட்டுப் பாருங்க.

உங்க அண்ணன் மகன்