கூரையில் ஏறாதே, முதலில் அட்டிக்கைப் பார்

ஸ்காபரோ,
சித்திரை வருசத்துக்கு அடுத்த வாரம்

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. வருசத்துக்கு வீடு நிறைய ஆட்கள், அதுதான் உடனே பதில் எழுத முடியவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கைவிசேடம் ஐந்து டொலர் கொடுத்தால் முகத்தைப் பார்க்கிறார்கள், இருபதுக்குக் குறைந்தால் மரியாதை இல்லை. மற்றபடி சுகம். இவள் பின்வளவில் கீரை போட மண் எப்போது இளகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். குளிர் விட்டதோடு என் முழங்கால் நோவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சரி, உன் வீட்டு விசயத்துக்கு வருகிறேன். இவ்வளவு காலமும் அடுக்குமாடியில் இருந்தவன் நீ; தலைக்கு மேல் கூரை என்று ஒன்று இருப்பது ஒட்டாவாவுக்குப் போன பிறகுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது. மேல்மாடி அறைச் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம், ஏணி வாங்கி ஏறிப் பார்க்கப் போகிறேன் என்கிறாய். ஏறாதே. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடமென்றால் கட்டட வேலை செய்கிறவர்களுக்கே ஒன்ராறியோவில் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். நீ இன்னும் மாமரத்தில் ஏறின பழைய நினைப்பில் இருக்கிறாய். முதலில் பார்க்க வேண்டியது அட்டிக், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் இடம்.

கறையைக் கண்டதும் கூரையில் ஓட்டை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான் கேட்பது, அது எந்த நாளில் வந்தது? வீட்டில் மற்றவர்களிடமும் விசாரித்துப் பார். மழை பெய்த நாளென்றால் புகைபோக்கியைச் சுற்றி அடித்த தகரம் விலகியிருக்கலாம். அல்லது பாத்ரூம் காற்றுக்குழாய் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் கழுத்து இருக்கும், அது வெடித்திருக்கலாம். ஷிங்கிள், அதாவது இங்கே ஓட்டுக்குப் பதிலாகக் கூரையில் அடிக்கும் தார்த் தகடுகள், எல்லாம் நன்றாக இருக்கும்போதே அந்த ரப்பர் போய்விடும். சின்ன வேலைதான்.

மழையே இல்லாமல், கூரை நிறையப் பனி கிடந்த நாளில் வந்திருந்தால் அது ஐஸ் டாம். ஜனவரியில் 'எவ்வளவு வடிவு பார்' என்று ஒரு படம் அனுப்பினாயே, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியிலிருந்து ஆளுயரத்துக்கு ஐஸ் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுச் சூடு சீலிங் வழியாக ஏறிக் கூரையின் மேற்பகுதியில் பனியை அடியிலிருந்து உருக்கும். தண்ணீர் வழிந்து இறவாரத்துக்கு வரும். இறவாரத்துக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே உறைந்து வரம்பு கட்டிவிடும். பின்னால் வரும் தண்ணீர் அந்த வரம்பில் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியால் மேலே ஏறும். ஷிங்கிள் தடுப்பது மேலிருந்து வழிந்து ஓடும் தண்ணீரைத்தான், தேங்கி நிற்கும் தண்ணீரை அல்ல. இதற்காகத்தான் இங்கே விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர், அதோடு வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் வரைக்கும் ஷிங்கிளுக்கு அடியில் ஒரு தடுப்புப் படலம் போடச் சொல்கிறது கட்டட விதி. பழைய கூரைகளில் அது இருக்குமென்று நம்ப முடியாது. அடுத்த வின்ரரில் ஐஸைக் கோடரியால் கொத்தப் போகாதே, குளிரில் ஷிங்கிள் அப்பளம்போல் உடையும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஆட்கள் அதிகம் யோசிக்காதது. மழையும் இல்லை, கூரையில் பனியும் இல்லை, மார்ச்சில் முதல் வெயில் அடித்த நாளில் சொட்டத் தொடங்கும். மருமகனின் ஏஜாக்ஸ் வீட்டில் இதுதான் நடந்தது. வந்து பார்த்த கூரைக்காரர் முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டார். நான் மருமகனோடு போய் அட்டிக் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிளைவுட்டின் அடிப்பக்கம் முழுக்க ஷிங்கிள் ஆணிகளின் நுனி நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா, ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி. ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே, சூடு வெளியேறாமல் சீலிங்குக்கு மேல் பரப்பியிருக்கும் இன்சுலேஷனில் ஒரு சின்னக் குழி. பாத்ரூம் ஃபானின் குழாய் கழன்று விழுந்து, குளிக்கிற நீராவி முழுவதையும் வின்ரர் முழுக்க அட்டிக்குக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. −20இல் அது ஆணியிலும் பலகையிலும் வெண்பூவாக உறைந்து கிடந்து, வெயில் வந்ததும் உள்ளேயே மழையாகப் பெய்தது. கூரையில் ஒரு குறையும் இல்லை. குழாயைத் திரும்பப் பூட்டி, மூடியைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டியதோடு வேலை முடிந்தது. அதைச் சரிசெய்யாமல் புதுக் கூரை போட்டிருந்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

ஆகவே நீ வீட்டுக்குள் இருந்தே தொடங்கு. அட்டிக் மூடி பெரும்பாலும் ஒரு அலுமாரி அறைக்குள் இருக்கும். சின்ன ஏணியில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினால் போதும், நடக்கத் தேவையில்லை. மரச்சட்டத்தில் கால் தவறினால் கீழறைக் கட்டிலில்தான் வந்து விழுவாய். முகக்கவசம் போட்டுக்கொள். உன் வீடு 1978 என்று எழுதியிருந்தாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சாம்பலும் தங்கமும் கலந்த நிறத்தில், சின்னக் கூழாங்கல் போல மினுங்கும் இன்சுலேஷன் கிடந்தால் அது வெர்மிகுலைட். அதில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தொடாமல் மூடியைச் சாத்திவிட்டு, பரிசோதிக்கிறவர்களைக் கூப்பிடு.

அப்படி இல்லையென்றால் டோர்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் பார். ஊரில் ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்ற வருகிறவர்கள் முதலில் செய்வது அதுதான், உனக்கும் நினைவிருக்கும். இறவாரப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் நல்லது, காற்று வருகிறது என்று அர்த்தம். நடுக் கூரையில் வெளிச்சம் தெரிந்தால்தான் கவலை. பிறகு ஆணிகளைப் பார், துருவா, ஈரமா. பலகையில் கறுப்புப் புள்ளிகள் உண்டா? ஃபான் குழாய் உண்மையிலேயே வெளியே போகிறதா? கீழே சீலிங் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதிவை. அடுத்த பெருமழைக்கு அது கோட்டைத் தாண்டுகிறதா என்று தெரியும்.

வெளிப்பக்கத்துக்கு ஒரு பைனாகுலர் போதும். ரோட்டின் மறுகரையில் நின்று பார். விளிம்பு சுருண்ட ஷிங்கிள், கழன்று போன இடம், அடியில் ஆணி கிளம்பி மேடாகத் தெரியும் இடம், ஐஸின் பாரத்தில் தொய்ந்த பீலி. பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாயில் கறுத்த மணல் போலக் குவிந்திருந்தால் அது ஷிங்கிள் மேலிருந்த மணிகள். கொஞ்சம் என்றால் பரவாயில்லை, கைப்பிடி கைப்பிடியாக என்றால் கூரைக்கு வயதாகிவிட்டது. சொஃபிட், அதாவது இறவாரத்தின் அடிப்பலகை, எங்காவது கிழிந்திருந்தால் ரக்கூன் புகுந்ததாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு ஓட்டையை அடைத்துவிடாதே, இந்த மாதங்களில் உள்ளே குட்டி போட்டிருக்கும்.

இனி, கதவு தட்டி வரும் ஆட்கள். 2022 மே 21 புயலில் உங்கள் ஊரில் எத்தனை கூரை பறந்தது என்று அயலவர்களைக் கேட்டுப் பார். அப்படியான நாட்களுக்குப் பிறகு 'உங்கள் கூரையில் சேதம் கண்டோம், இன்றே கையெழுத்து வைத்தால் விலை குறைவு' என்று வருவார்கள். வாசலில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாலும், ஒப்பந்தப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். யார் வந்து பார்த்தாலும் கூரையிலும் அட்டிக்கிலும் எடுத்த படத்தைக் கேள். படம் காட்டாதவரோடு பேச்சு வேண்டாம். இன்சூரன்ஸையும் பெரிதாக நம்பாதே, வயதுபோய்த் தேய்ந்த கூரைக்கு அவர்கள் காசு தரமாட்டார்கள்.

உண்மையிலேயே ஷிங்கிள் வேலை இருந்தாலும் மே கடைசி வரை பொறு. வெயில் சூட்டில்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டும். இப்போதே செய்யக்கூடியது உள்வேலை: சீலிங்கில் காற்றுக் கசியும் இடங்களை அடைப்பது, பிறகு இன்சுலேஷன் கூட்டுவது. சூட்டைத் தடுக்கும் வலுவை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள்; புது வீடுகளுக்கு இப்போது ஆர்-60 போடுகிறார்கள், உன்னுடையதில் அதன் பாதி இருந்தாலே அதிசயம். கொட்டுகிறவர்கள் இறவாரக் காற்று வழியை மூடிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

அட்டிக் படங்களை வட்சப்பில் அனுப்பு, ஃபான் குழாயைக் கிட்டத்தில் எடு. ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில்தான், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி