மூன்று மிதிக்காரர்களின் பிரிவைத் திருப்பித் தாருங்கள்: டிராக் பந்தய விதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விதிக் குழுவினருக்கு,

வணக்கம். இரண்டிரண்டு வண்டியாகக் கால் மைல் நேர்கோட்டில் ஓடும் நம் டிராக் (drag) பந்தயத்தில், கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என மூன்று மிதி உள்ள மேனுவல் கியர் வண்டிகளுக்கு இருந்த தனிப் பிரிவை இந்தப் பருவத்திலிருந்து எடுத்துவிட்டு, எங்களை ஆட்டோமேட்டிக் வண்டிகளோடு ஒரே பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள். காரணம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போன பருவத்தின் கடைசிப் போட்டிக்கு நாங்கள் ஆறு பேர்தான் வந்தோம். அதனால் முன்கதையை மறுபடி பிரிக்கப் போவதில்லை. சென்ற போட்டியின் அரையிறுதியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டயரைச் சுழற்றிச் சூடேற்றும் பர்ன்அவுட்டை முடித்துக் கோட்டுக்கு வந்தேன். முன்சக்கரம் கோட்டின் முதல் ஒளிக்கதிரை மறித்தது, மேல் விளக்கு எரிந்தது. இன்னும் ஒரு சாண் உருட்டினேன், இரண்டாவது விளக்கும் எரிந்தது. முதல் கியர் விழுந்தாயிற்று. இடது கால் கிளட்ச்சைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது காலின் முன்பாதி ஆக்ஸிலரேட்டரில், குதிகால் பிரேக்கில். பக்கத்துப் பாதையில் வந்தவர் முதல் விளக்கோடு நின்றுவிட்டார். நிற்கட்டும், விதி அனுமதிக்கிறது. அவருடையது ஆட்டோமேட்டிக். ஒரு காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

நான் உட்கார முடியாது. பந்தயக் கிளட்ச்சின் பிரஷர் பிளேட் தெருவில் ஓடும் வண்டியினுடையதைப்போல இளகியதல்ல. அதை அழுத்திப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், உங்கள் அலுவலக மாடிப்படியில் ஒற்றைக் காலில் அரை மண்டி போட்டு நின்று பாருங்கள். முதலில் தொடை சூடாகும். அப்புறம் முழங்காலுக்கு மேலே ஒரு நரம்பு தன்பாட்டுக்குத் துடிக்க ஆரம்பிக்கும். பத்து விநாடி போயிற்று, பதினைந்து போயிற்று. இருபதை நெருங்கும்போதுதான் அவர் மெதுவாக உருண்டு வந்து இரண்டாவது விளக்கை ஏற்றினார். மரம், அதாவது புறப்பாட்டு விளக்குக் கம்பம், உடனே மேலிருந்து கீழாக எரிந்து இறங்க ஆரம்பித்தது. முதல் மஞ்சள். இரண்டாவது மஞ்சள். பர்ன்அவுட்டில் சூடேறிய என் கிளட்ச் பிளேட் முழுதாகப் பிரிந்திருக்கவில்லை, காலும் ஒரு நூல் மேலே வந்திருக்கும். பச்சை வருவதற்குள் வண்டி நகர்ந்தது. அவ்வளவுதான், என் பக்கம் சிவப்பு. எதிராளி வண்டியைக் கிளப்பாமலேயே இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டார்.

கோட்டில் நின்றிருந்த உங்கள் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "காலைக் கொஞ்சம் பலப்படுத்துங்கள் சார்" என்றார். அந்த யோசனைக்கு நன்றி. பலப்படுத்துகிறேன். அதோடு சேர்த்து நான் கேட்பது ஒன்றே ஒன்று: மேனுவல் கியர் வண்டிகளுக்குத் தனிப் பிரிவை மறுபடி திறந்துவிடுங்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உங்களில் யாராவது இந்நேரம் முணுமுணுத்திருப்பீர்கள். நியாயம்தான். அதனால் ஒரு விஷயத்தை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால் மைலில், அதாவது 402 மீட்டரில், ஆட்டோமேட்டிக்தான் வேகம். இதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் புறப்படும் நேரத்தில் எஞ்சின் தரும் முறுக்கு விசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. என் கிளட்ச்சால் அது முடியாது. வந்ததை அப்படியே அனுப்பும், அதிலும் பாதியைச் சூடாக்கி வீணடிக்கும். கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் என் வண்டியில் ஒரு கணம் சக்கரத்துக்கு எதுவுமே போவதில்லை. அவர்களுக்கு இழுவை அறுவதே இல்லை. 1950இல் செவ்ரலே குடும்பக் கார்களுக்காகக் கொண்டுவந்த பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை இன்றைக்கும் பந்தயக்காரர்கள் தேடிப் பிடித்துப் போடுகிறார்களே, ஏன்? அதில் இரண்டே கியர். முழு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம்.

ஆனால் கடைசிக் கோட்டைத் தாண்டும்போது வேகத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒரே மாதிரி எஞ்சின் வைத்த இரண்டு வண்டிகளில் என்னுடையது நேரத்தில் பின்தங்கும், முடிவு வேகத்தில் பல நாள் ஒரு படி மேலே நிற்கும். கன்வெர்ட்டர் வழுக்கித் தின்பதும், உள்ளே எண்ணெய் பம்ப் சுற்றித் தின்பதும் எங்களிடம் இல்லை. இதைச் சொல்லிப் பரிசு கேட்கவில்லை. கொஞ்சம் பெருமை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கூட்டத்தில் நீங்கள் தந்த பதில் இது: "டயல்-இன் முறையில்தானே ஓட்டுகிறோம், மெதுவான வண்டி முதலில் புறப்படுகிறது, அப்புறம் யாருக்கு என்ன அநியாயம்?" டயல்-இன் என்பது அவரவர் ஓடப்போகும் நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. டயல்-இன் வேகத்தைச் சமன்படுத்தும், உண்மை. ஆனால் அந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது வேகம் அல்லவே. சொன்ன நேரத்தைத் திரும்பத் திரும்ப அப்படியே ஓட்டிக் காட்டுகிறவர்தான் ஜெயிக்கிறார். அன்றைக்கு என் நான்கு நேரச்சீட்டுகள் இவை: 12.62, 12.71, 12.49, 12.66. நான் எழுதிக் கொடுத்தது 12.60. ஒரு தடவை பின் டயர் சுழன்றது, ஒரு தடவை மூன்றாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அந்த 12.49இல் எல்லாம் கனவு மாதிரி கூடிவந்தது. எதிராளி மட்டும் பாதியில் சறுக்கியிருக்காவிட்டால், கூடிவந்ததற்குத் தண்டனையாக, எழுதியதைவிட வேகமாக ஓடி நேரம் உடைத்தேன் என்று அந்தச் சுற்றிலேயே வெளியே போயிருப்பேன். அரையிறுதி எதிராளியின் சீட்டுகளை அவரே காட்டினார், நல்ல மனிதர்: 10.91, 10.92, 10.91. அது ஓட்டம் மாதிரியா இருக்கிறது, நகல் எடுத்த மாதிரி இருக்கிறது.

புறப்பாட்டிலும் இதே கதை. மூன்று மஞ்சளும் அரை விநாடி இடைவெளியில் இறங்குகின்றன. நான் கடைசி மஞ்சளைப் பார்த்துக் காலை விட வேண்டும். புறப்பாட்டைத் தாமதப்படுத்தும் டிலே பாக்ஸ் வைத்தவர் முதல் மஞ்சள் மின்னியதுமே, வண்டியைப் பிடித்துவைக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுகிறார். மீதியை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை அந்தப் பெட்டி எண்ணிக்கொள்ளும். பெட்டிக்குத் தொடை நடுங்காது.

இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். கோட்டில் நிற்கும்போது நாங்கள் லைன் லாக் போடக் கூடாது, அது பர்ன்அவுட்டுக்கு மட்டும்தான், ஏனென்றால் அது "மின்சாரத் துணை" என்று புது விதியில் எழுதியிருக்கிறீர்கள். லைன் லாக் என்பது முன்பக்க பிரேக் குழாயில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு சோலினாய்டு, அதாவது மின்காந்த வால்வு. ஆட்டோமேட்டிக்காரர்களுக்கு நீங்கள் அனுமதிக்கும் டிரான்ஸ்பிரேக் என்பது முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்கவைத்து வண்டியைக் கட்டிப்போடும் ஒரு சோலினாய்டு. அதுவும் பொத்தான், இதுவும் பொத்தான். அதற்கும் மின்சாரம், இதற்கும் மின்சாரம். ஒன்று துணையாம், மற்றொன்று வண்டியின் அங்கமாம். லைன் லாக் இருந்திருந்தால் அன்றைக்கு என் வண்டி நகர்ந்திருக்காது. இந்த விதியை எழுதியவர் கிளட்ச் மிதித்துக் கோட்டில் நின்றவராக இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"காலம் மாறிவிட்டது, கம்பெனிகளே கைவிட்டுவிட்டன" என்பது உங்கள் இன்னொரு வாதம். மறுக்கவில்லை. 2018 மாடல் டாட்ஜ் டீமன் தொழிற்சாலையிலிருந்தே டிரான்ஸ்பிரேக்கோடு வந்தது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் தவிர வேறு எதுவும் அதில் கிடையாது. ஆனால் கிளட்ச் செத்துப்போன சரக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த விளையாட்டின் உச்சியில் இருக்கும் டாப் ஃபியூயல் வண்டியில் டார்க் கன்வெர்ட்டரா இருக்கிறது? பத்தாயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கக்கும் அந்த எஞ்சின், அடுக்கடுக்காகத் தட்டு வைத்த கிளட்ச் வழியாகத்தான் தரையைத் தொடுகிறது. 1970இல் தொடங்கிய புரோ ஸ்டாக் பிரிவில் இன்றும் ஐந்து கியர் பெட்டி, இடது காலுக்குக் கிளட்ச் மிதி. அந்தக் காலத்தில் ரோனி சாக்ஸ் என்பவருக்கு "மிஸ்டர் ஃபோர் ஸ்பீட்" என்றே பட்டப்பெயர். நான்கு கியரைக் கையால் மாற்றும் திறமைக்காக ஒரு மனிதருக்குப் பெயர் வைத்த விளையாட்டு இது. பொத்தானைச் சரியாக விட்டதற்காக யாருக்காவது அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களா?

பாதுகாப்பு என்றும் ஒருவர் சொன்னார். கிளட்ச் சிதறினால் ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் எங்கள் ஒவ்வொரு வண்டியிலும் எஃகுக் கவசக் கூடு போட்டிருக்கிறோம், நீங்கள்தான் ஒவ்வொரு தடவையும் படுத்துப் பார்த்து முத்திரை சரிபார்க்கிறீர்கள். 1970 மார்ச்சில் அமெரிக்காவின் லயன்ஸ் ஓடுதளத்தில் டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் இரண்டு கியர் பெட்டி வெடித்து அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியே போயிற்று. அதற்காக யாரும் கியர் பெட்டியை ஒழிக்கவில்லை. மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே யோசித்து, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு அடுத்த வருஷம் வந்து நின்றார். ஆபத்தைப் பார்த்து வண்டியைத் திருத்தினார்கள், ஓட்டுகிறவரை வெளியே அனுப்பவில்லை.

ஆள் குறைவு என்பதுதான் காரணம் என்றால் ஒரு சந்தேகம். மின்சார வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் ஒரே கியர், மாற்றுவதற்கே ஒன்றுமில்லை. மிதித்தால் போகும். ஆறேழு வருஷத்தில் அவை அறுபதும் ஆட்டோமேட்டிக் ஆறும் வந்து நின்றால், ஆட்டோமேட்டிக்காரர்களையும் அவற்றோடு சேர்த்துவிடுவீர்களா? டயல்-இன் இருக்கிறதே, யாருக்கு என்ன அநியாயம் என்று அவர்களுக்கும் சொல்வீர்களா? ஒருவேளை அதற்கு அடுத்த கட்டமாக ஓட்டுகிறவரே வேண்டாம் என்று வரலாம். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று மதியம் இரண்டுக்கு முதல் ஓட்டம் கிடைக்கிற இப்போதைய ஏற்பாட்டில், ஆள் இல்லாத வண்டிதான் பொறுமையாக நிற்கும். வெயிலில் அது தண்ணீரும் கேட்காது. ஒலிபெருக்கியில் பெயரைத் தப்பாகப் படித்தாலும் கோபித்துக்கொள்ளாது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நீங்களும் சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து இதை நடத்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். விடியற்காலையில் டயர் பிடிப்பதற்காக ஓடுதளத்துக்குப் பசை அடிப்பது யார் என்றும் பார்த்திருக்கிறேன். அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை எழுதினால் நான்தான் தப்பு.

ஆகையால் பணிவாகவே கேட்கிறேன். மேனுவல் கியர் வண்டிகளுக்குத் தனிப் பிரிவைத் திருப்பித் தாருங்கள். பெரிய கோப்பை வேண்டாம், பரிசுத் தொகையும் வேண்டாம், எங்களுக்கென்று நீண்ட நேரம்கூட ஒதுக்க வேண்டாம். மதிய இடைவேளைக்கு முன்னால் கால் மணி நேரம் போதும். கோட்டில் லைன் லாக் அனுமதி. ஒருவர் இரண்டாவது விளக்கை ஏற்றிவிட்டால் மற்றவர் இத்தனை விநாடிக்குள் வந்தாக வேண்டும் என்று மரத்தின் தானியங்கிக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். அது ஏற்கெனவே உங்கள் கருவியில் இருக்கிறது, அணைத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். எட்டு வண்டி சேர்ந்தால்தான் பிரிவு நடக்கும் என்று நிபந்தனை போடுங்கள், எட்டைக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு. போன வருஷம் ஆறு பேர் வந்ததற்குக் காரணம், மற்ற மூன்று பேருடைய கியர் பெட்டி அந்த வாரம் மேசையில் பிரிந்து கிடந்ததுதான். மேனுவல்காரர்கள் வாழ்க்கை அப்படி.

அடுத்த போட்டிக்கான பதிவுப் படிவம் அச்சுக்குப் போவதற்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். படிவத்தில் அந்த ஒரு கட்டம் இருந்தால் மற்றவர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

மரியாதையுடன்,
அரையிறுதியில் இடது பாதையில் நின்றவன்

பி.கு.: நேரச்சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்தில் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு காகிதம் தீர்ந்துவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கு ஓட்டத்தின் சீட்டு எனக்கு இன்னும் வரவில்லை. இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.